மண்டையோட்டுக்குப் பெயர் சூட்டும் அவசரம்

பருவமழை ஓய்ந்து காட்டோடைகள் வற்றத் தொடங்கும் மாதங்களில், இந்தியாவின் எந்த நிலப்பகுதியிலும் நிகழக்கூடியது இது. கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு மண்டையோடு வெளிறிக் கிடக்கிறது. மேய்ச்சலுக்குப் போன சிறுவனோ மணல் அள்ள வந்தவரோ அதைப் பார்க்கிறார். சிறிது நேரத்தில் கூட்டம் கூடுகிறது. ஒருவர் சிறுத்தை என்கிறார். இன்னொருவர் நாய் என்கிறார். மூன்றாமவர் தாழ்ந்த குரலில் மனிதக் குழந்தையாக இருக்கலாமோ என்று ஐயம் எழுப்புகிறார். மாடு என்று யாரேனும் சொல்லிவிட்டால், அதைக் கொன்றவர் யார் என்ற கேள்வி உடனே எழுகிறது. எலும்பை எவரும் இன்னும் திருப்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள். பெயர்கள் மட்டும் வந்து சேர்ந்திருக்கும்.

இந்த அவசரத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. முதலாவது, அடையாளம் காணுதல் என்னும் செயலின் இறுதியில் வரவேண்டிய பெயரை அதன் தொடக்கத்தில் வைப்பது. இரண்டாவது இன்னும் ஆழமானது: அந்த எலும்பை உண்மையாகவே படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அதே ஊரில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. முதற்பிழை முறையைச் சார்ந்தது. இரண்டாவது சமூகத்தைச் சார்ந்தது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் நீர் செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். ஓடையில் கிடைக்கும் மண்டையோடு, அந்த விலங்கு இறந்த இடத்தைச் சொல்வதில்லை. மைக்கேல் வூர்ஹீஸ் என்னும் தொல்லுயிரியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், எலும்புகளை ஓடும் நீரிலிட்டு அவை எந்த வரிசையில் நகர்கின்றன என்று பார்த்தார். விலா எலும்புகளும் முதுகெலும்புத் துண்டுகளும் முதலில் அடித்துச் செல்லப்படுகின்றன. மண்டையோடும் தாடையும் கடைசிவரை பின்தங்கி நிற்கின்றன. உடலின் மற்றப் பகுதிகள் எதுவுமின்றித் தலை மட்டும் ஓடையில் கிடப்பதற்கு இதுவே போதுமான காரணம். யாரோ தலையை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று கதை கட்டத் தேவையில்லை.

உருண்டு வரும் மண்டையோடு தன் உருவத்தையும் இழக்கிறது. கீழ்த்தாடை மென்திசுக்களால் மட்டுமே பிணைக்கப்பட்டிருந்ததால் அது முதலில் பிரிந்துபோகிறது. கொம்பின் மேலுறை கழன்றுவிடுகிறது. மூக்கின் மெல்லிய எலும்புகளும் மேல்தாடையின் முன்நுனியும் கற்களில் மோதி உடைகின்றன. ஒற்றை வேர் கொண்ட முன்பற்கள் குழியிலிருந்து நழுவி விழுகின்றன. மூக்கு நீண்ட ஆட்டுத் தலை, மூக்கில்லாத குறுந்தலையாக மாறி, பார்ப்பவருக்கு இதுவரை கண்டிராத விலங்கைப் போலத் தோன்றுகிறது. ஊர்தோறும் உலவும் விந்தை விலங்குக் கதைகளில் சில, நுனி உடைந்த ஆட்டுத் தலையிலிருந்து பிறந்திருந்தால் வியப்பில்லை.

ஆகவே முதற்கேள்வி, "இது எது?" என்பதாக இருக்கக்கூடாது. "இதில் எது எஞ்சியிருக்கிறது, எது இல்லை?" என்பதே முதற்கேள்வி. இல்லாமையிலும் இரு வகை உண்டு. பல் முளைக்கவே இல்லாமை ஒன்று. முளைத்த பல் விழுந்துபோனமை மற்றொன்று. பல் விழுந்திருந்தால் அதன் குழி எஞ்சும். குழியும் இல்லை, எலும்பின் விளிம்பு வழவழப்பாக முடிகிறது என்றால், அங்கே பல் இருந்ததே இல்லை. விளிம்பு கரடுமுரடாக முறிந்திருந்தால், அந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இந்த மூன்றையும் பிரித்தறியாமல் "மேலே முன்பல் இல்லை, ஆகவே இது ஆடு" என்று சொல்வது, கிழிந்துபோன பக்கத்தை வெற்றுப் பக்கம் என்று சொல்வதற்கு ஒப்பானது.

இதற்குப் பிறகே பற்கள் பேசத் தொடங்குகின்றன. ஆடு, மாடு, மான் முதலிய அசைபோடும் விலங்குகளுக்கு மேல்தாடையில் வெட்டுப்பற்கள் இல்லை. அங்கே தடித்த ஈறு மட்டுமே உண்டு. கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் பிறைநிலா வடிவ வரிகள் தெரியும். நாய்க் குடும்பத்துக்குப் பொதுவாக 42 பற்கள். பூனை முதல் புலிவரையிலான குடும்பத்துக்குப் பொதுவாக 30. பன்றிக்கு 44. வரிக் கழுதைப்புலிக்கு 34. அவற்றில் முன்கடைவாய்ப் பற்கள் எலும்பை நொறுக்கும் தடித்த கூம்புகளாக இருக்கும். நாயின் மேல்தாடையில், இறைச்சியை அரியும் பெரிய பல்லுக்குப் பின்னால் நசுக்குவதற்கான இரண்டு பற்கள் உண்டு. சிறுத்தைக்கு அந்த இடத்தில் மிகச் சிறிய ஒரு பல் மட்டுமே இருக்கும். பற்கள் விழுந்திருந்தாலும் குழிகளை எண்ணிவிடலாம். ஊர்நாயின் மண்டையோடு சிறுத்தையாகப் புகழ்பெறுவதைத் தடுக்க இந்த ஒரு கணக்கே போதும்.

எண்ணிக்கை மட்டும் எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. குரங்குக்கும் மனிதனுக்கும் முழுமையாக முளைத்தபின் 32 பற்களே. அவற்றின் வகைப் பங்கீடும் ஒன்றே. மாட்டுக்கும் ஆட்டுக்கும்கூட 32 தான். எனவே அடுத்ததாகக் கண்குழியைப் பார்க்க வேண்டும். ஆடு, மாடு, மான், குதிரை ஆகியவற்றின் கண்குழியைச் சுற்றி எலும்பு வளையம் முழுமையாக மூடியிருக்கும். நாய்க்கும் பூனை இனங்களுக்கும் பன்றிக்கும் அந்த வளையம் பின்புறத்தில் திறந்திருக்கும். குரங்கிலும் மனிதனிலும் வளையம் மட்டுமன்றிப் பின்சுவரே எலும்பால் அடைபட்டிருக்கும். இரு கண்களும் முன்னோக்கியிருக்கும். குரங்கின் முகம் முன்னோக்கி நீண்டு, ஆண் குரங்காயின் கோரைப்பல் பெரிதாக இருக்கும். குழந்தையின் மண்டையோடு என்ற அச்சத்தைத் தணிக்க இது உதவும். ஆயினும் மனிதன் என்று சிறிதளவேனும் ஐயம் இருக்குமாயின் எலும்பைத் தொடாமல் காவல்துறைக்குச் சொல்வதே கடமை.

அதன்பின் தலையின் உச்சி. ஆடு, மாடு, இரலை இனங்களின் கொம்பு எலும்புத் தண்டின் மேல் ஏறிய உறை. அது வாழ்நாள் முழுவதும் உதிர்வதில்லை. மானின் கொம்பு முழுவதும் எலும்பே. அது ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கிறது. உதிர்ந்த இடத்தில் இரு குட்டைத் தூண்கள் மண்டையோட்டில் நிற்கும். இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டுமே வாழும் நாற்கொம்பு மானுக்கு, பெயரில் மான் என்று இருந்தாலும், உறைக் கொம்புகளே உண்டு. மொழி ஒரு வகைப்பாட்டைச் சொல்கிறது, எலும்பு வேறொன்றைச் சொல்கிறது.

கொம்பில்லாத பெண் விலங்கானால் என்ன செய்வது? கண்ணுக்கு முன்னால் உள்ள எலும்பைப் பார்க்க வேண்டும். மானுக்கு அங்கே எலும்புகளுக்கு இடையில் தெளிவான திறப்பு ஒன்று உண்டு. செம்மறிக்குத் திறப்பு இல்லாத குழிவு உண்டு. வெள்ளாட்டுக்கு அந்தக் குழிவும் இல்லை. புள்ளிமானா, செம்மறியா, வெள்ளாடா என்ற கேள்விக்கு விரல்நுனி அளவுள்ள ஓர் இடம் விடை சொல்கிறது. அந்த இடம் உடைந்திருந்தால் விடை கிடைக்காது. கிடைக்கவில்லை என்று சொல்வதற்குத் தயங்கவும் கூடாது.

ஒற்றை அடையாளத்தை நம்பினால் எப்படி ஏமாற நேரிடும் என்பதற்கு மாடும் எருமையும் நல்ல எடுத்துக்காட்டு. எருமையின் நெற்றி புடைத்திருக்கும், மாட்டின் நெற்றி தட்டையானது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. குஜராத்தின் கிர் இன மாட்டின் நெற்றியோ, அந்த இனத்தையே அடையாளம் காட்டும் அளவுக்குப் புடைத்தது. நெற்றியை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பவர் கிர் மாட்டின் முன் தோற்றுவிடுவார். கொம்பின் உள்தண்டு எந்தத் திசையில் செல்கிறது, அதன் குறுக்குவெட்டு வட்டமா, முக்கோணச் சாயல் கொண்டதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சான்றை இன்னொரு சான்று தாங்க வேண்டும். மூன்று சான்றுகள் ஒரே திசையைக் காட்டிய பிறகே பெயர் சொல்லும் உரிமை வருகிறது.

இந்த முறை ஆய்வகங்களில் பிறந்ததன்று. ஓடைப் படுகைகளிலேயே பிறந்தது. சிவாலிக் மலையடிவாரத்தில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காட்டாறுகள் உண்டு. பஞ்சாபில் அவற்றைச் சோ என்கிறார்கள். சகாரன்பூர்ப் பக்கத்தில் ராவ் என்கிறார்கள். இமாச்சலத்தில் கட் என்கிறார்கள். 1830களில் சகாரன்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஹியூ ஃபால்கனரும், கால்வாய்ப் பொறியாளரான புரோபி காட்லியும் இந்த மலைகளிலும் காட்டாற்று வழிகளிலும் கல்லாகிப்போன எலும்புகளைத் திரட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் அருங்காட்சியகம் இல்லை. போதிய நூல்களும் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? சுற்றுக் காடுகளில் வாழ்ந்த புலி, எருமை, இரலை முதலியவற்றைக் கொன்று, அவற்றின் எலும்புக்கூடுகளைத் தயாரித்து, அவற்றோடு கல்லெலும்புகளை ஒப்பிட்டார்கள். அறியாததை அறிய, அறிந்ததன் எலும்பை முதலில் கையில் எடுத்தார்கள். விலங்குகளைக் கொன்ற வழி இன்று ஏற்கத்தக்கதன்று. அந்தத் தருக்கத்துக்கு மட்டும் இன்றும் மாற்று இல்லை.

1836இல் அவர்கள் ஒரு பெரும் மண்டையோட்டை விவரித்து, சிவனின் பெயரால் சிவதீரியம் என்று பெயரிட்டார்கள். கண்களுக்கு மேல் ஒரு சிறு கொம்பிணையும் பின்னே ஒரு பெருங்கொம்பிணையும் கொண்ட அசைபோடும் விலங்கு அது. அதன் முக அமைப்பைக் கண்டு, அசைபோடுவனவற்றுக்கும் யானை போன்ற தடித்தோல் விலங்குகளுக்கும் இடைப்பட்டது என்று கருதினார்கள். பின்னர் வந்தவர்கள் அதை இரலைகளோடு வைத்துப் பார்த்தார்கள். இன்று அது ஒட்டகச்சிவிங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஏற்கப்பட்டுள்ளது. இடம் மாறியபோதிலும் 1836இன் விவரிப்பு பயனற்றுப் போகவில்லை. பல்லும் கண்குழியும் கொம்பின் அடியும் எப்படி இருந்தன என்று அவர்கள் எழுதிவைத்திருந்ததாலேயே பின்வந்தவர்களால் மாற்றிச் சொல்ல முடிந்தது. வெறும் பெயரை மட்டும் விட்டுச் சென்றிருந்தால், திருத்துவதற்கு எதுவும் இருந்திருக்காது.

நர்மதையிலும் இதுவே நடந்தது. 1982இல் இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த அருண் சோனக்கியா, மத்தியப் பிரதேசத்தின் ஹத்நோராவில் ஆற்றுப் படிவுகளிலிருந்து ஒரு கபாலத்தைக் கண்டெடுத்தார். அதை அவர் ஹோமோ எரெக்டஸின் ஒரு வகையாக வைத்தார். 1991இல் வெளியான மறுஆய்வு, அது ஹோமோ சேப்பியன்ஸின் தொன்மையான வடிவம் என்றது. எலும்பு மாறவில்லை. பாதுகாப்பாக இருந்ததாலும் விவரமாக அளக்கப்பட்டிருந்ததாலும் விவாதம் தொடர்கிறது.

பெயர்மேல் பேராசை எழும்போது என்ன நேரும் என்பதைக் கட்சின் சுர்கோட்டடா காட்டுகிறது. அந்த ஹரப்பா நாகரிகக் களத்தில் கிடைத்த சில பற்களும் எலும்புகளும் குதிரையினுடையவை என்று ஹங்கேரியத் தொல்விலங்கியலாளர் சாந்தோர் பொக்கோனி கருதினார். அமெரிக்கத் தொல்விலங்கியலாளர் ரிச்சர்ட் மெடோ அதை ஏற்கவில்லை. அதே கட்சின் சிறு ரண் பகுதியில் இன்றும் குர் என்னும் காட்டுக்கழுதை வாழ்கிறது. குதிரையின் பல்லையும் அதன் பல்லையும் பிரித்தறிவது, பல்லின் மேற்பரப்பில் எனாமல் மடிப்புகள் எப்படி வளைகின்றன என்பதைப் பொறுத்த நுட்பமான வேலை. இரு அறிஞர்களும் பல்லைப் பற்றியே வாதிட்டார்கள். வெளியே இருந்தவர்களோ, ஆரியர் வந்தார்களா இல்லையா என்ற தங்கள் முடிவை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ற விலங்கைப் பல்லிடம் கேட்டார்கள். தேவைக்கேற்பப் பெயர் சூட்டப்படும் எலும்பு சான்றாக நிற்பதில்லை, கட்சிக்கொடியாகிவிடுகிறது.

நாலாயிரம் ஆண்டுப் பழமையான பல்லின் பெயரால் நூல்கள் மோதுகின்றன. நேற்று இறந்த விலங்கின் பெயரால் மனிதர்கள் அடிக்கப்படுகிறார்கள். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவுக்கு அருகே, இறந்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித்துகள், பசுவைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். அதற்கு எதிர்வினையாக, இறந்த மாடுகளை அகற்றும் வேலையை அம்மாநிலத்தின் பல தலித்துகள் மறுத்தார்கள். சுரேந்திரநகரில் மாட்டுச் சடலங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் கொண்டுவந்து போடப்பட்டன. இறந்த மாடு எது, கொல்லப்பட்ட மாடு எது என்பதை எலும்பையும் தோலையும் பார்த்துச் சொல்லும் அனுபவம் யாரிடம் இருந்ததோ, அவர்கள்மேலேயே அடி விழுந்தது.

இங்கேதான் இரண்டாவது பிழைக்கு வர வேண்டும். இந்தியாவில் விலங்கின் உடலைப் பற்றிய அறிவு மிகுதியாக உள்ளது. அது பள்ளிக்கு வெளியே இருக்கிறது. ஆடு வாங்குபவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். வடக்கே அதைத் தோ தாந்த், சார் தாந்த் என்கிறார்கள், தமிழகச் சந்தையில் இரண்டு பல், நான்கு பல் என்கிறார்கள். பால்பல் விழுந்து நிலைப்பல் எத்தனை முளைத்திருக்கிறது என்பதே அந்தக் கணக்கு. பக்ரீத்துக்கு ஆடு வாங்குபவர், அதற்கு ஓராண்டு நிறைந்திருப்பதை இப்படித்தான் உறுதி செய்துகொள்கிறார். அவர்கள் பார்ப்பது எப்போதும் கீழ்த்தாடையை. மேலே முன்பல் கிடையாது என்பது எந்தப் பாடநூலையும் படிக்காமல் அவர்கள் அறிந்தது. தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழியும், விலைகொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது உலக வழக்கம் என்பதை உட்கொண்டே பிறந்தது.

இறைச்சிக் கடைக்காரர், தோல் உரிப்பவர், கிடை போடுபவர், எலும்பு பொறுக்கி ஆலைக்கு விற்பவர் ஆகியோரின் கைகள் ஆயிரக்கணக்கான தலைகளை அறிந்தவை. செம்மறித் தலைக்கும் வெள்ளாட்டுத் தலைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த அறிவு அறிவாகக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. சாவைத் தொட்ட கை தீட்டுப்பட்ட கை என்று விலக்கிவைத்த சமூகம், அந்தக் கைகளில் இருந்த உடற்கூற்றியலையும் சேர்த்தே விலக்கிவைத்தது. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது, வீட்டில் நாளும் கேட்ட சொற்களை வகுப்பறையில் சொல்லக் கூசினார்கள். பாடநூல் மனிதனின் பல் வாய்பாட்டை மனப்பாடமாகக் கேட்டது; ஆட்டின் வாயைத் திறந்து பார்க்கத் தெரிந்த பிள்ளையிடம் அதைக் கேட்கவில்லை. ஒரு தொழிலின் சொற்கள் அத்தொழிலின்மேல் சுமத்தப்பட்ட இழிவோடு சேர்ந்து அழிகின்றன. சொல் அழியும்போது, அது சுட்டிய வேறுபாட்டைக் காணும் பழக்கமும் அழிகிறது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் வலுவானவை. முதலாவது, மரபணுச் சோதனை இருக்கும்போது எலும்பைப் பார்த்துச் சொல்வது எதற்கு என்பது. ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் டேராடூனில் உள்ள இந்திய வனவுயிர் நிறுவனமும் வழக்குகளுக்காக இத்தகைய சோதனைகளைச் செய்கின்றன. நீதிமன்றத்துக்கு அவை இன்றியமையாதவை. ஆனால் ஒவ்வோர் ஓடை எலும்பையும் ஆய்வகத்துக்கு அனுப்ப இயலாது. வெயிலிலும் நீரிலும் நெடுநாள் கிடந்த எலும்பில் மரபணு சிதைந்துபோகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோதனை முடிவு வர நாட்கள் ஆகும். வதந்திக்கு ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மாலையில் ஊர் நடுவே நின்று, "பல்லைப் பாருங்கள், இது எருமை" என்று காரணத்தோடு சொல்லக்கூடிய ஒருவர் தேவை.

இரண்டாவது மறுப்பு, கைப்பேசிச் செயலி படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிவிடும் என்பது. சொல்லும். அளவுகோல் இல்லாமல் மேலிருந்து எடுத்த ஒற்றைப் படத்துக்கும் ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயருக்கு அடிப்படை எது என்று கேட்பவருக்கு விடை கிடைக்காது. காரணம் இல்லாத பெயரை மறுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. கூட்டத்தில் முதலில் கத்தியவரின் பெயருக்கும் அதற்கும் இவ்வகையில் வேறுபாடு சிறிதே.

மூன்றாவது மறுப்பு சட்டமும் உடல்நலமும் சார்ந்தது; அதை ஏற்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கின் எலும்பு அரசின் உடைமை. அதைக் கையில் பெற்றவர் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். வீட்டு அலமாரியில் அழகுக்காக வைத்துக்கொள்வது குற்றமாகலாம். கால்நடைகளைத் தாக்கும் அடைப்பான் நோயின் நுண்வித்துகள் சடலத்திலும் மண்ணிலும் நெடுங்காலம் உயிரோடிருப்பவை. அண்மையில் இறந்த விலங்கின் உடலை வெறுங்கையால் தொடுவது அறிவீனம். இந்த இரண்டு காரணங்களும் எலும்பைப் படிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. எடுக்காமல், இருந்த இடத்திலேயே படிக்க வேண்டும் என்றே சொல்கின்றன. பக்கவாட்டிலும் மேலிருந்தும் அடியிலிருந்தும் பல்வரிசை தெரியும்படி, அருகில் அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், கிடந்த இடத்தின் குறிப்பு ஆகியவை பெரும்பாலான வினாக்களுக்குப் போதுமானவை.

எலும்பைப் படிக்கத் தெரிந்தால் ஒரு நிலத்தின் அண்மை வரலாறும் தெரியவரும். நாயின் பல்தடமும் முள்ளம்பன்றி கொறித்த இணைவரிகளும் எலும்பில் பதிகின்றன. முன்பெல்லாம் ஊர்ப்புறத்தில் போடப்பட்ட சடலத்தைப் பாறுக்கழுகுகள் விரைவில் துப்புரவு செய்துவிடும். 1990களில் அவை பெருமளவில் மடியத் தொடங்கின. சில இனங்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே காரணம் என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் இந்தியா அதன் கால்நடைப் பயன்பாட்டைத் தடை செய்தது. கழுகு போன இடத்துக்கு நாய் வந்தது. இன்று ஓடையில் கிடக்கும் மாட்டுத் தலையின் ஓரங்களை நாய்ப்பல் கடித்திருக்குமானால், அது அந்த ஒரு மாட்டைப் பற்றிய செய்தி மட்டுமன்று. சடலங்களை அகற்றிவந்தவை இல்லாமற்போன ஒரு நிலத்தைப் பற்றிய செய்தியும் ஆகும்.

செய்யக்கூடியது எளியது, செலவு குறைந்தது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் ஓர் எலும்புப் பெட்டி இருக்கலாம்: வெள்ளாடு, செம்மறி, எருமை, பன்றி, நாய் ஆகிய ஐந்தின் தலைகள், கொதிக்கவைத்துத் தூய்மை செய்து, பெயரெழுதி வைக்கப்பட்டவை. இவை வளர்ப்பு விலங்குகள். வனவுயிர்ச் சட்டம் இவற்றைத் தடுப்பதில்லை. ஓடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்த ஐந்தோடும் மாட்டோடும் முடிந்துவிடும்; எஞ்சுபவையே வனத்துறையின் கவனத்துக்கு உரியவை. கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் அறுப்பாய்வைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் கூறியது. உயிர்களைக் கொல்லாமல் கற்க முடியும் என்ற அளவில் அது வரவேற்கத்தக்கது. இயற்கையாக இறந்த விலங்கின் எலும்பைக் கையிலெடுத்துக் கற்பதற்கு அந்த அறிவுரை தடையில்லை. உடலை அறுப்பது நின்றபோது எலும்பைத் தொடுவதும் சேர்ந்து நின்றுபோகத் தேவையில்லை.

அந்தப் பெட்டியைத் திறந்து விளக்க, ஆண்டுக்கு ஒரு நாளேனும் ஊரின் இறைச்சிக் கடைக்காரரையும் கிடைக்காரரையும் தோல் தொழிலாளியையும் ஆசிரியர் இருக்கையில் அமர்த்த வேண்டும். இதைச் சலுகையாகச் செய்யக்கூடாது. பாடத்தின் தேவையாகச் செய்ய வேண்டும். அவர்கள் பயன்படுத்தும் சொற்களை மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். பாடநூற் சொற்களுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். தங்கள் தந்தையின் தொழிற்சொல் கரும்பலகையில் எழுதப்படுவதைக் காணும் பிள்ளை, அடுத்த முறை ஓடையில் கூட்டம் கூடும்போது வாய்திறந்து பேசும் துணிவைப் பெறலாம்.

அதுவரை, ஓடைப் படுகையில் மண்டையோடு ஒன்றைக் காண்பவர் மூன்று செய்திகளைக் குறித்துக்கொண்டால் போதும்: பற்குழிகள் எத்தனை, கண்குழியின் பின்புறம் மூடியதா திறந்ததா, உச்சியில் இருப்பது தண்டா தூணா. இம்மூன்றுக்கும் விடை எழுதியபின் பெயர் தெரியாவிட்டாலும் தாழ்வில்லை. தெரியவில்லை என்று எழுதிக் கீழே அந்த மூன்று விடைகளையும் தந்தால், தெரிந்தவர் ஒருவர் வந்து முடித்துவைப்பார். அந்தத் தெரிந்தவர் சந்தைக் கடையிலிருந்து வரக்கூடும் என்பதை ஊர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.